நாள் வாடகைக்கு வீடு விடுமுன் அறிய வேண்டியவை

பிள்ளைகள் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குச் சென்றபின் பூட்டிக் கிடக்கும் வீடு, யாங்கோன் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் உண்டு. "பூட்டிய வீட்டால் என்ன பயன்? நாள் கணக்கில் வாடகைக்கு விட்டால் ஒரு மாத வாடகையை ஒரே வாரத்தில் எடுத்துவிடலாமே" என்று உறவினரோ தரகரோ கூறும்போது மனம் சற்றே இளகுவது இயல்பு. முதுமைக் காலத்துக்கு வேறு வருவாய் இல்லாதவர்க்கு அந்தச் சொல் பெரிய ஆறுதலாகவும் தோன்றும். அவ்வாறு எண்ணுவோர் முடிவெடுக்குமுன் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இப்பாடம் தொகுத்துரைக்கிறது.

1. குடிவாடகை வேறு, தங்கல் வாடகை வேறு

நம் நகரில் வீட்டை வாடகைக்கு விடுவோர் ஆறு மாத வாடகையையோ ஓராண்டு வாடகையையோ முன்கூட்டியே பெற்றுக்கொள்வது வழக்கம். அதன்பின் வீட்டைப் பேணுவதும் மின்கட்டணம் செலுத்துவதும் அண்டை அயலாரோடு இணங்கி வாழ்வதும் குடியிருப்பவரின் கடமை. உரிமையாளர் எப்போதேனும் சென்று பார்த்தால் போதும்.

நாள் வாடகையில் இவை அனைத்தும் தலைகீழாக மாறுகின்றன. படுக்கை விரிப்பு, குடிநீர், சாவி, நள்ளிரவில் மின்சாரம் நின்றால் பதில் சொல்ல ஓர் ஆள் ஆகிய எல்லாவற்றையும் உரிமையாளரே அளிக்க வேண்டும். 2008ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் ஏர்பிஎன்பி நிறுவனம் தொடங்கிய பின்னர், கைப்பேசி வழியாக எவரும் தம் வீட்டை உலகுக்கு விளம்பரம் செய்யலாம் என்ற நிலை உருவாயிற்று. விளம்பரம் எளிதானதே ஒழிய, பொறுப்பு குறையவில்லை. பணம் பெற்றுக்கொண்டு முன்பின் அறியாதவரை ஓர் இரவு தங்க வைப்பவர், தம்மை எப்பெயரிட்டு அழைத்துக்கொண்டாலும், விடுதி நடத்துபவரே ஆவார். இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே.

2. இந்நகரின் பழைய பாடம்

இக்கருத்து நமக்குப் புதிதன்று. இன்று ஷ்வே பொந்தா தெரு எனப்படும் பழைய மொகல் தெருவில், நாட்டுக்கோட்டை நகரத்தார் தொழில் செய்யவும் தங்கவும் கிட்டங்கிகள் இருந்தன. ஒருவரையொருவர் ஊரும் குலமும் அறிந்து தங்கிய இடங்கள் அவை. ஆயின் கப்பலில் வந்திறங்கிய கூலித் தொழிலாளர்க்கான தங்கல் வீடுகளின் கதை வேறு. ஓர் அறையில் அளவுக்கு மீறிய ஆட்கள் நெருக்கியடித்துத் தங்கிய அவலத்தை, 1933இல் வெளிவந்த ஆண்ட்ரூவின் 'ரங்கூனில் இந்தியத் தொழிலாளர்' என்னும் ஆங்கில நூல் பதிவு செய்துள்ளது. 1905இல் கொள்ளைநோய் ரங்கூனை எட்டியபோது, நெருக்கமான குடியிருப்பின் தீமையை நகரம் நேரிலேயே கண்டது. காசுக்குத் தங்க வைக்கும் வீட்டை நகராட்சி கண்காணிப்பது சுகாதாரத்துக்காகவும் தீ விபத்தைத் தடுப்பதற்காகவுமே என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

3. விருந்தினர் பட்டியல்

இரவு தங்கும் விருந்தினரை அறிவிக்கும் கடமை 1907ஆம் ஆண்டின் நகரங்கள் சட்டம், கிராமங்கள் சட்டம் ஆகியவற்றிலேயே இடம்பெற்றது. 2012ஆம் ஆண்டின் வட்டார, கிராமப் பகுதி நிர்வாகச் சட்டமும் அதனைத் தொடர்ந்தது. 2016இல் அக்கடமை நீக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 13இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளின் பழக்கத்தை வைத்து, "இப்போது யார் கேட்கிறார்கள்?" என்று எண்ணுவது தவறு.

இங்கே இரண்டு செய்திகளை நினைவில் கொள்ளவேண்டும். ஒன்று, குடும்பப் பட்டியலில் பெயர் இல்லாத எவர் தங்கினாலும் வட்டார நிர்வாகியிடம் தெரிவிக்க வேண்டும். அவர் பணம் கொடுத்தாரா, மௌலமியைனிலிருந்து வந்த சொந்த மாமாவா என்ற வேறுபாடு அங்கே இல்லை. இரண்டு, அறிவிக்கத் தவறினால் தண்டனைக்கு ஆளாவோர் வழிப்போக்கராக வந்தவர் மட்டுமல்லர், வீட்டாரும் ஆவர். மூன்று நாளுக்கு ஒருமுறை ஆள் மாறும் வீட்டில், ஒவ்வொரு முறையும் அடையாள அட்டையின் நகலைப் பெற்று, அன்றைய பொழுதுக்குள் அறிவிப்பது யார்? உரிமையாளர் இன்செயினிலும் வீடு பன்சோடான் தெருவிலும் இருந்தால் இக்கேள்விக்கு விடை காண்பது கடினம்.

வெளிநாட்டவரைத் தங்க வைப்பது இன்னும் நுட்பமானது. வெளிநாட்டவர் உரிமம் பெற்ற விடுதிகளில் தங்குவதே நெடுநாளைய நடைமுறை. டவுன்ஷிப் குடிவரவு அலுவலகத்தில் நேரில் விசாரித்து அறியாமல் அவர்களை ஏற்றுக்கொள்ளலாகாது.

4. உரிமமும் உரிமைப் பத்திரமும்

விடுதித் தொழிலுக்கு உரிமம் தேவை. 2018ஆம் ஆண்டின் மியன்மார் சுற்றுலாச் சட்டமும் மாநகர விதிகளும் இதில் தொடர்புடையவை. இணையதளத்தில் வீட்டைப் பதிவு செய்வது அரசு உரிமம் ஆகாது. அந்த நிறுவனம் தரும் நட்சத்திரங்களும் பாராட்டுகளும் வட்டார நிர்வாகியின் முன்னிலையில் ஆவணமாக நில்லா.

அடுத்தது பத்திரம். நகரின் பழைய அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் தனிப் பட்டா இல்லாதவை. விற்பனை ஒப்பந்தமே உரிமையாளரின் சான்று. 2016ஆம் ஆண்டின் கூட்டுரிமைக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவான 'காண்டோ' கட்டடங்களில் உரிமையாளர் சங்கத்தின் விதிகளும் சேர்ந்துகொள்ளும். நம் குடும்பங்களில் குடியுரிமைச் சிக்கல் காரணமாக வீடு மருமகன் பெயரிலோ நண்பர் பெயரிலோ இருப்பதும் உண்டு. ஆள் அடிக்கடி மாறும் வீடு விரைவில் பலர் கண்ணில் படும். அப்போது எழும் முதற் கேள்வி, "இது யார் வீடு?" என்பதே. பெயர்க் குழப்பம் தீராத வீட்டை நாள் வாடகைக்கு விடுவது, தலைமுறைகளின் உழைப்பை ஆபத்துக்கு உள்ளாக்குவதாகும்.

5. வருவாயின் உண்மைக் கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். மாதக் குடிவாடகை 100 பங்கு எனவும், ஓர் இரவின் வாடகை 8 பங்கு எனவும் கொள்வோம். முப்பது இரவுக்கு 240 என்று மனம் கணக்கிடும். ஆனால் விருந்தினர் ஒவ்வொருவரும் மூன்று இரவு தங்கினால் வரவு 24. அதில் இணையதளத்தின் கழிவு 3, துப்புரவுக்கும் சலவைக்கும் 4, மின்சாரம், குடிநீர், ஜெனரேட்டர் எரிபொருள் ஆகியவற்றுக்கு 3 போக எஞ்சுவது 14 மட்டுமே. மாதம் ஐந்து விருந்தினர் வந்தால் 70 கிடைக்கும். ஏழு விருந்தினர் வந்து 21 இரவுகள் வீடு நிறைந்திருந்தாலும் 98தான். உடைந்த கண்ணாடியும் பழுதான குளிர்சாதனமும் இக்கணக்கில் இன்னும் சேரவில்லை, வரியும் சேரவில்லை.

ஆண்டு முழுவதும் 21 இரவுகள் நிறையும் என்பதற்கும் உறுதியில்லை. மே முதல் அக்டோபர் வரையான மழைக்காலத்தில் பயணிகள் குறைவர். 2020 மார்ச் இறுதியில் நிறுத்தப்பட்ட பன்னாட்டு வணிக விமானப் போக்குவரத்து 2022 ஏப்ரலில்தான் மீண்டும் தொடங்கியது. பயணிகளை மட்டுமே நம்பி வீட்டை அலங்கரித்தவர்கள் அந்த இரண்டு ஆண்டுகளை எவ்வாறு கழித்திருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

6. அண்டை வீட்டாரின் பங்கு

மின்தூக்கியில்லாத ஆறு மாடி, எட்டு மாடிக் கட்டடங்களில் ஒரே குறுகிய படிக்கட்டைத்தான் அனைவரும் பயன்படுத்துகின்றனர். கீழ்த்தொட்டியில் சேரும் நீரை மின்சாரம் இருக்கும் நேரத்தில் மேலேற்ற வேண்டும். அதனை அளந்து செலவிடும் பழக்கம் குடியிருப்போர்க்கு உண்டு, ஓரிரவு தங்குபவர்க்கு இராது. நள்ளிரவில் தவறான கதவைத் தட்டுவதும், தெருக்கதவைப் பூட்டாமல் செல்வதும், குப்பையைப் படியில் விடுவதும் சிறு செய்திகள் போலத் தோன்றலாம். ஆனால் தனியே வாழும் மூதாட்டிக்கு, படியில் எதிர்ப்படும் முகம் தெரிந்த முகமா என்பது பெரிய செய்தி.

பிற நாடுகளும் இதனை உணர்ந்துள்ளன. சிங்கப்பூரில் தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடலாகாது. மலேசியாவில், அடுக்ககக் குடியிருப்பாளர் தம் விதியின் வழியே குறுங்கால வாடகையைத் தடை செய்யலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. வீடு ஒருவருக்குச் சொந்தமாயினும் படிக்கட்டு அனைவருக்கும் பொது என்பதே அத்தீர்ப்பு நமக்குத் தரும் பாடம்.

7. முடிவெடுக்கும் முறை

முதலில் வட்டார நிர்வாகியையும் மாநகர அபிவிருத்திக் குழுவின் டவுன்ஷிப் அலுவலகத்தையும் அணுகி, தம் கட்டடத்துக்கு எது ஏற்புடையது என்று கேட்டறிதல் வேண்டும். இரண்டாவதாக, அதே படிக்கட்டைப் பயன்படுத்தும் வீட்டாரிடம் வெளிப்படையாகப் பேசுதல் நன்று. மூன்றாவதாக, மின்கம்பிகளைத் தகுதியுள்ளவரைக் கொண்டு சோதித்து, தீயணைப்பானை வாங்கி வைத்து, தீயணைப்புத் துறையின் 191 என்னும் எண்ணைக் கதவருகே பர்மிய மொழியிலும் தமிழிலும் எழுதி வைத்தல் வேண்டும்.

இவற்றுள் ஒன்றேனும் இயலாதெனில் நடுவழி ஒன்று உண்டு. மருத்துவத்துக்காகவோ படிப்புக்காகவோ வெளியூரிலிருந்து வரும் குடும்பத்துக்கு, எழுத்து மூல ஒப்பந்தத்துடன் ஆறு மாதத்துக்கு வீட்டை விடலாம். வருவாய் சற்றுக் குறைவாகத் தோன்றினும், பட்டியலில் ஒருமுறை முறையாகப் பதிவு செய்து, அமைதியாக உறங்கலாம். விருந்தோம்பல் நம் மரபு. அதனை விலைக்குத் தரும்போது, அதனுடன் வரும் பொறுப்பையும் நாமே ஏற்கிறோம்.

சிந்திக்க வேண்டிய வினாக்கள்

1. என் வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரையும் அன்றே அறிவிக்க எனக்கு ஆள் உண்டா?
2. வீட்டின் ஆவணத்தை எவர் கேட்டாலும் தயக்கமின்றிக் காட்ட முடியுமா?
3. மாதத்தில் பத்து இரவுகள் மட்டுமே நிறைந்தால் என் குடும்பச் செலவு தாங்குமா?
4. எதிர்வீட்டார் இதையே செய்தால், நான் அதனை மனமுவந்து ஏற்பேனா?