சக்கரத்தில் ஏறும் கூடுதல் கிலோ

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் செல்லும் பழைய மலைச்சாலை சுமார் 60 கிலோமீட்டர் நீளம். அதற்குள் நாம் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். வளைவுகளுக்குக் குறைவே இல்லை. பிரிஞ்சாங்கைத் தாண்டி சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் பாதை இன்னும் குறுகலானது.

இப்படிப்பட்ட சாலையில் ஓடும் காருக்குப் பெரிய ‘ஸ்போர்ட் ரிம்’ மாட்டினால் என்ன ஆகும்? “ரிம் கனத்தால் கார் இழுக்காது” என்பார் ஒருவர். “மூன்று கிலோவில் என்ன வந்துவிடும்?” என்பார் மற்றொருவர். யார் சொல்வது சரி? கணக்குப் போட்டுப் பார்ப்போம், மாணவர்களே.

ஒரு கிலோவுக்கு இரண்டு வேலை

பயணிகளோடு சேர்த்து ஒரு காரின் பொருண்மை 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயரோடு சேர்ந்த ஒரு சக்கரம் 15 கிலோ. புதிய சக்கரம் 18 கிலோ. நான்கு சக்கரங்களுக்கும் கூடுதல் 12 கிலோ. மொத்தப் பொருண்மையில் இது 1 விழுக்காடுதான்.

ஆனால், காரின் பின்பெட்டியில் இருக்கும் ஒரு கிலோ அரிசி முன்னோக்கி மட்டுமே நகர்கிறது. சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோவோ முன்னோக்கி நகர்ந்துகொண்டே சுழலவும் செய்கிறது. வேகம் கூடும்போது இயந்திரம் இரண்டு இயக்கத்துக்கும் சக்தி கொடுக்க வேண்டும். பொருண்மை முழுவதும் விளிம்பில் இருந்தால் இந்த இரண்டு பங்கும் சமம். அதாவது, விளிம்பில் உள்ள ஒரு கிலோ, வேகம் மாறும்போது இரண்டு கிலோபோல் நடந்துகொள்ளும். அச்சுக்கு அருகில் இருந்தால் இந்தக் கூடுதல் சுமை மிகவும் குறையும். படிவம் 4 இயற்பியலில் நீங்கள் படிக்கும் ‘இனர்சியா’, அதாவது நிலைமம், சுழலும் பொருளுக்கும் உண்டு. அங்கே எவ்வளவு பொருண்மை என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம்.

ஆக, நம்முடைய 12 கிலோ, வேகம் எடுக்கும்போது அதிகமாகப் போனால் 24 கிலோவாக உணரப்படும். காரின் பொருண்மையில் 2 விழுக்காடு.

ஏற்றத்தில் என்ன நடக்கிறது?

ஒரே சீரான வேகத்தில் மலை ஏறினால், சுழற்சிக்காக இயந்திரம் புதிதாகச் சக்தி எதுவும் தர வேண்டியதில்லை. 12 கிலோவைத் தூக்கிச் செல்லும் வேலை மட்டுமே கூடுகிறது. ஆனால், தாப்பா சாலையில் சீரான வேகம் யாருக்குக் கிடைக்கும்? ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, மீண்டும் கூட்ட வேண்டும். அப்போதெல்லாம் அந்த 24 கிலோ கணக்கில் வந்துவிடும்.

எடையைவிட விட்டத்தைப் பாருங்கள்

டயரின் பக்கவாட்டில் 175/65 ஆர் 14 என்பது போன்ற எண்கள் இருக்கும். 175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அதன் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 விழுக்காடு. ரிம்மின் விட்டம் 14 அங்குலம். இதன்படி, முழுச் சக்கரத்தின் விட்டம் சுமார் 583 மில்லிமீட்டர்.

இதற்குப் பதில் 185/55 ஆர் 15 போட்டால் விட்டம் 584.5 மில்லிமீட்டர். ரிம் பெரிதானாலும் சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய மாறவில்லை. ஆனால், 195/65 ஆர் 15 போட்டால் விட்டம் 634.5 மில்லிமீட்டர் ஆகிவிடும். கிட்டத்தட்ட 9 விழுக்காடு அதிகம்.

இயந்திரம் அச்சைத் திருகும் அளவு மாறாதபோது, ஆரம் கூடினால் சாலையைத் தள்ளும் விசை குறையும். இங்கே அது சுமார் 8 விழுக்காடு குறைகிறது. ஏற்றத்தில் கார் திணறுவதற்கு 12 கிலோவைவிட இதுவே பெரிய காரணம். இறக்கத்தில் அதே அளவுக்குக் காரை நிறுத்த, பிரேக்கையும் முன்பைவிட அழுத்தி மிதிக்க வேண்டும். முன்பு சரியாக இருந்த வேகமானி 60 என்று காட்டும்போது, கார் உண்மையில் 65-இல் போய்க்கொண்டிருக்கும்.

குழியில்தான் உண்மையான சோதனை

கூடுதல் மூன்று கிலோ காருக்கு அற்பம். ஆனால், 15 கிலோ சக்கரத்துக்கு அது 20 விழுக்காடு. மேட்டில் ஏறித் துள்ளும் சக்கரத்தை மீண்டும் சாலையில் அழுத்துவது சுருள்வில். வில்லின் விசை மாறாமல், சக்கரத்தின் பொருண்மை மட்டும் கூடினால், அது கீழே திரும்பும் முடுக்கம் சுமார் 17 விழுக்காடு குறைகிறது. சக்கரம் காற்றில் இருக்கும் நேரம் கூடுகிறது. தரையைத் தொடாத டயரால் திரும்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. மழையில் நனைந்த தோட்டச் சாலையில், ஒரு பக்கம் பள்ளத்தாக்கு இருக்கும்போது, இதன் விளைவு என்ன என்பதை விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் இலேசானதே சிறந்ததா?

அதுவும் இல்லை. கேமரன் மலையில் இன்றும் பழைய லேண்ட் ரோவர்களைக் காணலாம். 1948-இல் அறிமுகமான இந்த வண்டிக்கு, போருக்குப் பிந்திய எஃகுத் தட்டுப்பாட்டால் அலுமினியக் கலவையில் உடல் செய்தார்கள். சக்கரங்களை எஃகில் செய்தார்கள். எஃகு ரிம் கனமானதுதான். ஆனால், கல்லில் மோதினால் பெரும்பாலும் நெளியுமே தவிர விரிசல் விடாது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டபோது, தொழிலாளர்களின் கைக்கருவிகளோடும் கோவேறு கழுதைகளோடும் ஒரு நீராவி உருளை வண்டியும் காட்டைத் திருத்த உதவியது. அந்த வண்டிக்குச் சக்கரத்தின் கனமே பலம்.

எனவே, ரிம் மாற்றும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரு சக்கரத்தின் எடை என்ன? முழு விட்டம் மாறுகிறதா? காரின் சுமையைத் தாங்கும் உறுதி அதற்கு உண்டா? ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் காருக்குரிய டயர் அளவு இருக்கும்.

செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான இரண்டு வட்ட பிஸ்கட் டின்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் உள்ளே, அடிப்பகுதியின் நடுவில் எட்டு 50 சென் நாணயங்களை ஒட்டுங்கள். மற்றொன்றில் எட்டு நாணயங்களை உட்சுவரைச் சுற்றிச் சம இடைவெளியில் ஒட்டுங்கள். மூடிவிட்டு, சாய்வான பலகையில் இரண்டையும் ஒரே நேரத்தில் உருட்டிவிடுங்கள். எது முதலில் கீழே வருகிறது?

தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகிய மூன்றையும் எழுதுங்கள். முடிவுக்கான காரணம் இக்கட்டுரையின் இரண்டாம் பகுதியில் இருக்கிறது.