இரயிலில் செல்லும் அணுக்கழிவு

வெள்ளானூர்ப் பகுதியில் வாழும் நாம், ஆவடி வழியாகச் சரக்கு வண்டிகள் செல்வதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அணுக்கழிவையும் இவ்வாறு இரயிலில் அனுப்பலாமா? இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக அனுப்புகிறார்கள். அது எவ்வாறு என்று பார்ப்போம்.

கல்பாக்கம் போன்ற அணுமின் நிலையங்களில் பயன்பட்டுத் தீர்ந்த யுரேனிய எரிபொருள் கடுமையான கதிர்வீச்சை வெளிவிடும். அது கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. அதிலிருந்து நம்மைக் காப்பவை மூன்று. அவையாவன: அருகில் நிற்கும் நேரத்தைக் குறைத்தல், தூரத்தைக் கூட்டுதல், இடையில் தடுப்பு வைத்தல். சிறிய கதிரியக்கப் பொருளிலிருந்து இரு மடங்கு தூரம் விலகினால் கதிர்வீச்சு நான்கில் ஒரு பங்காகிவிடும். ஈயமும் தடித்த எஃகும் நல்ல தடுப்புகள்.

எனவே எரிபொருளை முதலில் நீர்த்தொட்டியில் பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள் குளிரவைப்பர். பின்னர் கனத்த பெட்டகத்தில் அடைப்பர். சர்வதேச அணுசக்தி முகமையின் விதிப்படி அப்பெட்டக வகை, 9 மீட்டர் உயரத்திலிருந்து கடினமான தளத்தில் விழுந்தாலும், 800 டிகிரி செல்சியஸ் தீயில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்க வேண்டும். வண்டியிலிருந்து 2 மீட்டர் தொலைவில் கதிர்வீச்சு மணிக்கு 0.1 மில்லிசீவர்ட்டுக்கு மேற்படலாகாது. பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பு 1 மில்லிசீவர்ட். அப்படியானால், அந்த உச்ச அளவிலேயே ஒரு நிமிடம் நின்றாலும் ஆண்டு வரம்பில் 600-இல் ஒரு பங்குதான் நம்மைச் சேரும்.

விதி ஏட்டில் இருந்தால் போதுமா? 1984 ஜூலை 17 அன்று இங்கிலாந்தில் ஓல்டு டால்பி என்னுமிடத்தில் ஒரு சோதனை நடந்தது. அணுக்கழிவு இல்லாத பெட்டகம் ஒன்றைத் தண்டவாளத்தில் கிடத்தி, ஆளில்லா இரயிலை மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர் வேகத்தில் அதன்மீது மோதவிட்டனர். எஞ்சின் நொறுங்கியது, பெட்டகம் உடையவில்லை! விபத்தே நேராது என்று நம்பியிராமல், நேர்ந்தாலும் தாங்கும்படி செய்வதே இதிலுள்ள அறிவு.

ஆனால் காவல் இல்லாத இடத்தில் சிறு துண்டும் உயிரைப் பறிக்கும். 2010-இல் தில்லி மாயாபுரி பழைய இரும்புக் கடைகளுக்கு, தில்லிப் பல்கலைக்கழகத்தில் பயன்படாமல் கிடந்த கருவி ஒன்று ஏலத்தின் வழியே வந்து சேர்ந்தது. அதனுள் கோபால்ட்-60 இருந்ததை அறியாமல் தொழிலாளர்கள் பிரித்தனர். ஒருவர் இறந்தார், பலர் நோயுற்றனர். அங்கே இரயிலும் இல்லை, மோதலும் இல்லை. அறியாமையே விபத்தாயிற்று. நம் நாட்டில் இத்தகைய பொருள்களைக் கண்காணிக்க 1983-இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. ஆயினும் ஏட்டிலிருந்து தவறிய பொருளை யார் காண்பது?

தோழியரே, நாம்தான் காண வேண்டும். மஞ்சள் நிறத்தின்மேல் கருநிறத்தில் மூன்று இதழ் கொண்ட விசிறி போன்ற சின்னத்தை எங்கே கண்டாலும் தொடாதீர்கள். விலகி நின்று, பெரியவர்களுக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள். பழைய இரும்பு வாங்கி விற்போர் வீடுகளிலும் இச்சின்னத்தை வரைந்து காட்டுவோம். அதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும்.