காலையில் மட்டும் மக்கர் பண்ணும் டீசல் கார்

சென்னை ஆதம்பாக்கத்தில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அந்தக் குளிருக்கு நல்ல டீசல் இன்ஜின் அடம்பிடிக்காது. ஆனாலும் வண்டி காலையில் நாலு செல்ஃப் வாங்கித்தான் கிளம்பினால், பக்கத்து பார்க்கிங்காரர் ‘ஹீட்டர் பிளக் போச்சு’ என்பார், மெக்கானிக் பையன் ‘வேக்கம் லீக்’ என்பான். பெரும்பாலும் இரண்டும் இல்லை.

முதலில் வேக்கம். பெட்ரோல் கார் மாதிரி டீசலில் இன்ஜின் தானாக வேக்கம் உண்டாக்குவதில்லை. அதற்குத் தனி பம்ப் உண்டு. பழைய வண்டிகள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும். பிரேக் பூஸ்டர், இ.ஜி.ஆர்., டர்போ இவற்றுக்குத்தான் அந்த வேக்கம். லீக் இருந்தால் பிரேக் கல் மாதிரி இறுகும், பிக்கப் போகும். காலை ஸ்டார்ட்டிங் பெரும்பாலும் கெடாது. சந்தேகமா? இன்ஜினை அணைத்து பிரேக்கை ஐந்தாறு முறை மிதியுங்கள். கடைசி மிதியில் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக உள்ளே இறங்கினால் பூஸ்டர் பக்கம் பிழையில்லை. இறங்காவிட்டால் ஹோஸ் முனைகளைத் தடவிப் பாருங்கள். பானெட் சூட்டில் விறைத்திருக்கும், இல்லையென்றால் எலி கடித்திருக்கும். விறைத்த முனையை அரை இஞ்ச் வெட்டிவிட்டு மறுபடி செருகினால் போதும்.

பேட்டரி: செல்ஃப் அடிக்கும்போது மல்டிமீட்டரில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வேறெதையும் தொடாதீர்கள், பேட்டரியையும் அதன் டெர்மினல்களையும் கவனியுங்கள்.

இனி ஒரு ஆளைப் பின்னால் நிறுத்தி சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. அப்போது ஹீட்டர் பிளக்கைச் சந்தேகப்படலாம். வயரைக் கழற்றி ஓம்ஸ் பாருங்கள். இரண்டு ஓமுக்குள் இருந்தால் உயிரோடு இருக்கிறது, மீட்டர் அசையாவிட்டால் போய்விட்டது. பழைய இண்டிகா வகை இன்ஜினுக்கு சென்னையிலும் ஹீட்டர் வேண்டும். காமன் ரெயில் வண்டி நம் ஊர்க் குளிருக்குப் பெரும்பாலும் அது இல்லாமலே கிளம்பிவிடும்.

புகையே வரவில்லையா? டீசல் போகவில்லை. எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். கீழே சொட்டு டீசல் இல்லை, ஆகவே லீக் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. இளநீர் ஸ்ட்ராவில் கீறல் விழுந்தால் இளநீர் ஒழுகுகிறதா? காற்றுதான் வாய்க்கு வரும். அப்படித்தான் ராத்திரி முழுக்க டீசல் லைனின் கீறல் வழியே காற்று ஏறி, டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது.

உறுதி செய்வது சுலபம். காலையில் சாவியைத் தொடுமுன் ஃபில்டர் தலையிலுள்ள ஹேண்ட் பிரைமரை, இறுகும்வரை அமுக்குங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் திருடன் இந்த லைனில்தான். பிரைமர் இல்லாத வண்டியை, ஸ்டில்ட் பார்க்கிங் சரிவில் முகம் கீழே பார்க்கிறபடி ராத்திரி நிறுத்திப் பாருங்கள். டேங்க் மேலே இருப்பதால் டீசல் திரும்பாது.

இடத்தைப் பிடிக்க, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே சரியான அளவில் ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒன்றைக் கிளிப் போட்டு மாட்டுங்கள். மாட்டியதும் வரும் குமிழிகளைக் கண்டுகொள்ள வேண்டாம். ஐந்து நிமிடம் ஓடிய பிறகும் வந்தால், அதே ஹோஸை ஃபில்டருக்கு முன்னால் மாற்றுங்கள். அங்கேயும் குமிழி என்றால் டேங்க் பக்கம். இல்லையென்றால் ஃபில்டரின் ஓ-ரிங், அடியிலுள்ள தண்ணீர் வடிக்கும் திருகு, பிரைமரின் ரப்பர், இந்த மூன்றில் ஒன்று. சோதனை முடிந்ததும் அந்த ஹோஸைக் கழற்றிவிடுங்கள், டீசலில் அது நாளடைவில் விறைத்துவிடும். டேங்கிலேயே மோட்டார் உள்ள கார்களுக்கு இந்தக் குமிழிச் சோதனை பொருந்தாது. அவற்றில் லீக் வெளியே சொட்டும்.

ஹை பிரஷர் பைப் நட்டுகளைத் தளர்த்திக் காற்று எடுக்கும் பழைய வித்தையைக் காமன் ரெயிலில் செய்யவே கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஏர் ஃபில்டரில் பெட்ரோல் துணி காட்டுவது, ஸ்பிரே அடிப்பது இரண்டும் பிஸ்டனுக்கு எமன்.

ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் ஓ-ரிங்கும் காப்பர் வாஷரும் புதிது போடுங்கள். ஓ-ரிங்கில் டீசல் தடவித்தான் உட்கார வையுங்கள். ஜி.பி. ரோட்டுக்கு ஹீட்டர் பிளக் செட் வாங்கக் கிளம்புமுன், கடைசியாக ஃபில்டர் மாற்றியது எப்போது என்று சர்வீஸ் பில்லைப் பாருங்கள். தொல்லை அதற்கடுத்த வாரம் தொடங்கியிருந்தால், வாங்க வேண்டியது ஓ-ரிங்.