கடைக் குத்தகையைப் புதுப்பிக்கத் தரகுப்பணம் எதற்கு?

"குத்தகை முடிய மூன்று மாதம் இருக்கிறது. புதுப்பித்துத் தருகிறேன், ஒரு மாத வாடகையைத் தாருங்கள் என்று புரோக்கர் வந்து நிற்கிறார். கொடுக்கத்தான் வேண்டுமா?" கொழும்பில் கடை நடத்தும் சகோதரர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார். பலருக்கும் உள்ள பிரச்சினை என்பதால் இங்கு எழுதுகிறேன்.

இடம் தேடுபவரையும் உரிமையாளரையும் சேர்த்து வைப்பதே தரகரின் வேலை. அதற்குரிய கூலியை நீங்கள் முதல் தடவையே கொடுத்துவிட்டீர்கள். புதுப்பிக்கும்போதும் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தால் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். இல்லையேல் கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை. மாத வாடகை 60,000 ரூபா, இரண்டு வருடத்துக்கொரு முறை புதுப்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடத்தில் நான்கு தடவை. வாடகை கூடாவிட்டாலும் 240,000 ரூபா!

அப்படியானால் என்ன செய்வது?

1. குத்தகை முடிய மூன்று, நான்கு மாதத்துக்கு முன்பே உரிமையாளரை நேரில் சந்தியுங்கள். ஒழுங்காக வாடகை கட்டிய ரசீதுகளைக் கொண்டு செல்லுங்கள். உங்களுக்கு அதைவிடச் சிறந்த சிபாரிசு இல்லை.

2. புதிய வாடகை, காலம், வருடாந்த அதிகரிப்பு ஆகியவற்றைப் பேசி முடியுங்கள். முன்பு கொடுத்த முற்பணம் புதிய ஒப்பந்தத்திலும் தொகையுடன் குறிப்பிடப்பட வேண்டும்.

3. கையொப்பமிடுபவர் யார் என்று பாருங்கள். உரிமையாளர் மௌத்தாகியிருந்தால் வாரிசுகள் அனைவரும் கையொப்பமிடுவதே பாதுகாப்பு. வேறொருவர் அவர்களுக்காக வந்தால் அற்றோணித் தத்துவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

தரகரைத் தவிர்க்கலாம், நொத்தாரிசைத் தவிர்க்கக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான். பழைய ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் "மேலும் இரண்டு வருடம்" என்று எழுதிக் கையொப்பமிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசினாலும் சாட்சிகளாலும் அத்தாட்சிப்படுத்தப்பட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், இரண்டு வருடம் என்று எழுதிய கடதாசியை வைத்து அந்த இரண்டு வருடத்தைக் கோர முடியாது. அத்துடன், குத்தகை முடிந்த இடத்தை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் உரிமையாளருக்குத் தனியான வழக்கு நடைமுறை ஒன்றைத் தந்திருக்கிறது. பேச்சை மட்டும் நம்பியிருப்பவர், கடைக்குச் செய்த செலவையும் வாடிக்கையாளரையும் இழக்க நேரிடலாம்.

உறுதி எழுதிய பின் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா என்றும் கேளுங்கள். நாளை உரிமையாளர் இடத்தை விற்றால் அந்தப் பதிவே உங்களுக்குக் காவல். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட பழைய கட்டடங்களுக்கு விதிகள் வேறு. அவற்றில் இருப்போர் சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசனை பெறுவது நல்லது.

தரகுக்கென ஒதுக்கிய பணத்தை நொத்தாரிசுக் கட்டணத்துக்கும் முத்திரைத் தீர்வைக்கும் செலவிடுங்கள். அது வீண்போகாது.