தலை கிடைக்காத விலங்கை வரைதல்

கொல்கத்தாவில் பயிலும் நம் தமிழ் மாணவருள் விக்டோரியா நினைவு மண்டபத்தைக் காணாதவர் இரார். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் காளிகட்டத்துக்கும் தட்சிணேசுவரத்துக்கும் அழைத்துச் செல்கிறோம். ஆனால் தட்சிணேசுவரம் போகும் வழியில், பாரக்பூர் பெருஞ்சாலையின் ஓரத்தில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துள் ஒரு பெரிய விலங்கு எலும்புக்கூடாக நிற்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதன் பெயர் பராபாசாரஸ் டாகோரை. ‘பரா’ என்றால் பெரிய; ‘பா’ என்றால் கால்; ‘சாரஸ்’ என்பது கிரேக்க மொழியில் பல்லி. தாகூரின் பிறந்த நூற்றாண்டு விழா 1961-இல் நடந்தது. அதனை ஒட்டி அகழ்வு நடைபெற்றமையால், அப்பெருங்கவிஞர் பெயரையும் இவ்விலங்கு தாங்கி நிற்கிறது.

இவ்விலங்கை எவ்வாறு படமாக வரைவது என்பதே இக்கட்டுரையின் பொருள். ஓவியப் பயிற்சி உடையவர்க்கு மட்டும் எழுதியதன்று இது. ஒரு கோட்டை வரையுமுன் “இதற்குச் சான்று என்ன?” என்று கேட்கும் பழக்கம் எத்துறை மாணவர்க்கும் வேண்டுவதே.

டைனோசர் என்றவுடன் பலரும் வரைவது டிரானோசாரஸ் என்னும் அமெரிக்க விலங்கையே. அதற்கு ஆயிரம் படங்கள் உள்ளன. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை வரைந்துவிடலாம். முதற் படத்தில் உள்ள பிழையும் உடன் வந்துவிடும். அதிகம் அறியப்படாத விலங்கை எடுத்துக்கொண்டாலோ, பார்த்து வரையப் படம் கிடைப்பது அரிது. எலும்பினிடமே செல்ல வேண்டும். அதனால்தான் கற்கும் மாணவர்க்கு அறியப்படாத விலங்கே நல்லாசிரியன் என்கிறேன்.

பிழை எவ்வளவு எளிதில் நிலைபெறும் என்பதற்கு ஒரு சான்று காண்போம். இங்கிலாந்தில் கிடியன் மான்டெல் என்ற மருத்துவர் 1825-இல் ஒரு விலங்குக்கு இகுவானோடன் என்று பெயரிட்டார். கிடைத்த எலும்புகளுள் கூம்பு வடிவான ஒன்று இருந்தது. அதை மூக்கின்மேல் உள்ள கொம்பு என்று அவர் கருதினார். 1854-இல் லண்டன் பூங்காவில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் அமைத்த முழு அளவு உருவங்களிலும் அக்கொம்பு மூக்கின்மேலேயே ஏறிற்று. பின்னர் 1878-இல் பெல்ஜிய நாட்டு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் அவ்வினத்தின் முழு எலும்புக்கூடுகள் பல கிடைத்தன. அப்பொழுதுதான் உண்மை தெரிந்தது: அது கொம்பன்று, கைப் பெருவிரலின் முள்! மான்டெல் பிழை செய்தார் என்று நாம் நகைக்க வேண்டுவதில்லை. இருந்த சான்றைக் கொண்டு அவர் கருதினார். புதிய சான்று வந்ததும் அறிவுலகம் திருத்திக்கொண்டது. ஆனால் “இது கண்டது, இது கருதியது” என்ற பிரிவு படத்தில் தெரியாமையால், மூக்குக் கொம்பையும் மக்கள் கண்ட உண்மையாகவே கொண்டனர்.

காண்டல், கருதல், உரை என்று அளவைகளை நம் முன்னோர் வகுத்தனர். நாமும் அவ்வாறே கொள்வோம். எலும்பில் உள்ளது காண்டல். ஆராய்ந்தோர் அளந்து எழுதி வைத்தது உரை. உறவு விலங்குகளைக் கொண்டு ஊகிப்பது கருதல். இம்மூன்றுக்கும் அப்பாற்பட்டதைப் புனைவு என்போம். புனைவு குற்றமன்று, அது காண்டல் போல வேடம் பூணுவதே குற்றம். இனி வரையத் தொடங்குவோம்.

1. அளவு

பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கில் இவ்வினத்தின் எலும்புகள் ஏறத்தாழ 300 கிடைத்தன. அவை குறைந்தது ஆறு விலங்குகளுக்கு உரியவை. அவற்றை ஆராய்ந்து 1975-இல் பெயரிட்டு வெளியிட்டனர். தொடை எலும்பு ஒன்றின் நீளம் 1.7 மீட்டர். முழு உடலின் நீளம் ஏறத்தாழ 14 மீட்டர் என்று மதிப்பிடுகின்றனர்.

ஐம்பதில் ஒரு பங்கு என்ற அளவைக் கொள்ளுங்கள். 14 மீட்டர் உடல் 28 செண்டிமீட்டர் ஆகும். சாதாரணத் தாளின் நீளவாக்கில் அடங்கும். தொடை எலும்பு 3.4 செண்டிமீட்டர் வரும். அருகில் ஐந்தடி ஏழங்குல உயரமுள்ள மாணவர் ஒருவரை நிறுத்தினால் அவரும் ஏறக்குறைய 3.4 செண்டிமீட்டரே. தொடை எலும்பு ஒன்றே ஓர் ஆள் உயரம்! ‘பெரிய கால்’ என்ற பெயரின் பொருள் இந்த ஓர் அளவிலேயே விளங்கிவிடும்.

2. சட்டகம்

முதலில் தோலை வரையாதீர்கள். முதுகெலும்பை ஒரு கோடாகவும், தோளையும் இடுப்பையும் இரு வட்டங்களாகவும், கால்களைத் தூண்களாகவும் குறியுங்கள். இவ்வினத்தின் கால்கள் பல்லியின் கால்களைப்போலப் பக்கவாட்டில் விரிந்தவை அல்ல. உடலுக்கு நேர் கீழே நின்று சுமை தாங்கியவை. பழைய படங்களில் வால் தரையில் இழுபடும். ஆனால் இவ்வின விலங்குகளின் காலடித் தடங்கள் உலகில் பல இடங்களில் கல்லில் பதிந்து கிடக்கின்றன. வால் இழுபட்ட கோடு அவற்றிடையே மிக அரிது. ஆகவே வாலைத் தூக்கியே வரைக.

3. தலை

இங்குதான் நம் பென்சில் நின்றுவிடுகிறது. பராபாசாரஸின் மண்டையோடு இன்றுவரை கிடைத்திலது. கழுத்தின் முற்பகுதி எலும்புகளும் இல்லை. கிடைத்தவை கரண்டி வடிவான சில பற்களே. என் செய்வது?

உறவினரைத் தேடிச் செல்ல வேண்டும். சீனத்துச் சிச்சுவான் மாநிலத்தில் கிடைத்த சூனோசாரஸ் என்னும் விலங்கு இதற்குச் சற்றுப் பிற்பட்ட காலத்தது. அதன் மண்டையோடு நன்றாகக் கிடைத்துள்ளது. அதனைத் துணைக்கொண்டு நம் விலங்குக்குச் சிறிய தலை ஒன்றை அமைக்கலாம். பல் கரண்டி வடிவம் என்பது காண்டல். தலையின் வடிவம் கருதல். எனவே பல்லை அழுத்தமான கோட்டாலும், தலையைப் புள்ளிக் கோட்டாலும் வரையுங்கள்.

கடன் வாங்குவோர் ஓர் எச்சரிக்கையை மறத்தல் கூடாது. சூனோசாரஸின் வால் நுனியில் கதை போன்ற எலும்புத் திரட்சி உண்டு. தலையைக் கடன் வாங்கியவர் ஆர்வத்தில் அந்தக் கதாயுதத்தையும் வாங்கி நம் விலங்கின் வாலில் மாட்டிவிடலாகாது. இல்லாத உறுப்புக்கே உறவினரை நாடுகிறோம்; உள்ள உறுப்புக்கு எலும்பே சான்று.

4. தசையும் தோலும்

புதிதாக வரைவோர் எலும்பின்மேல் தோலை இறுக்கிப் போர்த்திவிடுகின்றனர். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். மண்டையோட்டின் குழிகள் எல்லாம் வெளியே தெரியும். பட்டினி கிடந்த விலங்கின் தோற்றம் அது. நம் கோயில் யானையை எண்ணிப் பாருங்கள். அதன் மண்டையோடு மட்டும் கிடைத்து, யானையையே கண்டிராத ஒருவர் தோலைப் போர்த்தி வரைந்தால் துதிக்கை எங்கிருந்து வரும்? விசிறிக் காது எங்கிருந்து வரும்? ஆகவே கழுத்துக்கும் தொடைக்கும் வால் அடிக்கும் தசை கொடுங்கள். வயிற்றுக்கு இடம் கொடுங்கள். இலை தழைகளை மலைபோல் தின்று செரித்த விலங்குக்கு ஒட்டிய வயிறு பொருந்தாது.

தோலைப் பற்றி? பராபாசாரஸின் தோற்பதிவு நம்மிடம் இல்லை. ஆனால் அர்ஜென்டினாவில் கண்டெடுத்த முட்டைகளுள், இவ்வினத்தின் பிற்கால உறவினரான டைட்டனோசார்களின் பிறவாக் குஞ்சுகள் தோற்பதிவுடன் இருந்தமை 1998-இல் வெளியாயிற்று. அத்தோலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத, மணி மணியான சிறு செதில்கள் இருந்தன. அவ்வாறு வரைவது கருதல். நிறம் முழுப் புனைவு. சீனத்துச் சினோசாரோப்டெரிக்ஸ் என்னும் சிறு டைனோசரின் இறகு போன்ற இழைகளில் நிறமித் துகள்களைக் கண்டு 2010-இல் அதன் நிறத்தையே கூறிவிட்டனர். நம் விலங்குக்கு அத்தகைய சான்று இல்லை. விரும்பிய நிறம் தீட்டுக. அது உங்கள் விருப்பம் என்பதையும் ஓரத்தில் எழுதுக.

5. நின்ற நிலம்

விலங்கை வரைந்தபின் பச்சைப் புல்வெளியில் நிறுத்திப் பூமரங்களைச் சுற்றி நடுவது பலர் வழக்கம். பராபாசாரஸ் வாழ்ந்தது ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். அன்று புல் இல்லை, மலரும் இல்லை. பெரணிகளையும், ஈந்து போன்ற சைகஸ் மரங்களையும், ஊசியிலை மரங்களையும் வரைக. அவ்வெலும்புகளோடு கல்லாகிப்போன பெருமர அடிகளும் கிடைத்துள்ளன. ஆதலின் மரத்துக்கும் காண்டலே சான்று.

ஆனால் காலம் மாறினால் விதியும் மாறும். மராட்டிய மாநிலத்தின் டோங்கர்காவ் என்னும் இடத்தில் கிடைத்த இசிசாரஸ், கிரெட்டேசியக் காலத்தின் இறுதியில் வாழ்ந்தது. நம் புள்ளியியல் நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே அதன் பெயரில் அமைந்துள்ளன. அதே மாநிலத்துப் பிஸ்துரா என்ற ஊரில் கிடைத்த, கல்லாகிய சாணத்தில் புல்லின் நுண்துகள்கள் இருந்தமை 2005-இல் அறிவிக்கப்பட்டது. எனவே இசிசாரஸின் காலடியில் புல் முளைக்கலாம்; பராபாசாரஸின் காலடியில் முளைத்தல் ஆகாது. சாணமும் சான்று ஆகும் கலை இது!

அரியலூர் கற்பிக்கும் பாடம்

“வெறும் படத்துக்கு இவ்வளவு கண்டிப்பு ஏன்?” என்று சிலர் கேட்கலாம். விடை நம் தமிழகத்திலேயே இருக்கிறது. அரியலூரை அடுத்த கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளுக்கு 1987-இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். பேருடல் கொண்டது என்பது பொருள். கீழ்க்கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர் நீளம். முதலில் அதனை ஊன் உண்ணும் விலங்கு என்றனர்; பின்னர் நீண்ட கழுத்துடைய தழையுண்ணி என்றனர். உலகின் மாபெரும் நிலவிலங்குகளுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ஆனால் அவ்வெலும்புகள் உறுதியற்றவை. அகழ்ந்தெடுத்தபின் ஈரத்தில் பொடிந்து போயின. இன்று எவரும் அவற்றை மீண்டும் அளக்க இயலாது. எஞ்சியவை சில கோட்டுப் படங்களும், மண்ணில் கிடந்த நிலையில் எடுத்த ஒளிப்படங்களுமே. அவை போதாமையால், அது எலும்புதானா, கல்லாகிய மரமா என்ற ஐயம் கூட எழுந்தது. பழைய ஒளிப்படங்கள் சில 2022-இல் வெளிவந்த பின்னரே, எலும்புதான் என்பதற்கு வலு ஏற்பட்டது.

எண்ணிப் பாருங்கள். எலும்பு மறைந்தபின் படமே எலும்பு ஆகிறது. அன்று ஒருவர் ஒவ்வொரு பிளவையும் மேட்டையும் அளவோடு வரைந்து வைத்திருந்தால், ஒரு தலைமுறைக்கால ஐயம் நேர்ந்திராது. நாம் வரையும் படமும் என்றேனும் ஒருவர்க்குச் சான்றாக நிற்கலாம். பொய்ச் சான்று ஆகாதபடி வரைவதே நம் கடமை.

பயிற்சி

குஜராத்தில் ரகியோலி என்னும் ஊரில் கிடைத்து, 2003-இல் பெயர் பெற்ற ராஜாசாரஸை வரைந்து பாருங்கள். ஊன் உண்ணி, தலையில் சிறு கொம்பு உண்டு. தோலுக்கு அர்ஜென்டினாவின் கார்னோடாரஸ் உறவினர். அதன் தோற்பதிவில் இறகு இல்லை, செதிலே உண்டு. கண்டதை அழுத்தக் கோட்டாலும், கருதியதைப் புள்ளிக் கோட்டாலும் வரைந்து, புனைந்தது எது என்று ஓரத்தில் எழுதுங்கள். பின்னர் உங்கள் விடுதி நண்பர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் “சான்று என்ன?” என்று கேட்கச் சொல்லுங்கள். விடை கூற இயலாத கோடுகளை அழித்துவிடுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும்; ஒரு பென்சிலும் அழிப்பானும் போதும். முன்னரே இசைவு கேட்டுக்கொண்டு புள்ளியியல் நிறுவனத்துக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். கோதாவரிக் கரையிலிருந்து வந்த அந்தப் பெருங்கால் விலங்கு அங்கே காத்து நிற்கிறது.