அடுத்தவர் கழற்றும்படி மாட்டு

அன்புள்ள கதிருக்கு,

ஹேம்பிள் ஆற்றுத்துறையில் 1970களின் பாய்மரப் படகொன்றை வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். மிகவும் சந்தோஷம். மேல்தளத்து அலுமினிய டிராக்கில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் அசையவில்லை என்றாய். சுத்தியலை எடுக்குமுன் இதைப் படி.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் ஒட்டியிருக்க, இடையில் உப்புநீர் புகுந்தால் மின்கலம் உண்டாகும். அதில் அரிபடுவது அலுமினியம். போல்ட் தலையைச் சுற்றித் தெரியும் வெள்ளைப் பொடி அதுதான். அரித்த உலோகம் முன்னைவிட அதிக இடம் கேட்கும். அதனால் துளைக்குள் போல்ட்டை நெரித்துப் பிடிக்கிறது. அங்கே முரட்டுப் பலம் காட்டினால் தலைதான் முறியும்.

முதலில் தலையின் பள்ளத்தை ஊசியால் நன்றாகச் சுரண்டு. துரு இளக்கும் எண்ணெயை இரவில் விடு, காலையில் மறுபடி விடு. பிறகு எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பெரிய சால்டரிங் அயர்னைத் தலைமீது வைத்துச் சூடேற்றி ஆறவிடு. தீச்சுடர் வேண்டவே வேண்டாம், ஃபைபர்கிளாஸ் தாங்காது. அடியிலிருக்கும் நட்டை முழுக்கக் கழற்றாமல் போல்ட்டின் நுனியோடு சமமாக நிறுத்தி, மரக்கட்டை வைத்து மேல்நோக்கித் தட்டு. மரை நசுங்காது. ஒருவர் கீழே தட்ட, ஒருவர் மேலே திருகட்டும்.

வெளியே வந்த போல்ட்டைத் துடைத்துப் பார். தலை பளபளக்கும், காற்றுப் படாமல் ஈரத்தில் கிடந்த நடுப்பகுதி பள்ளம் விழுந்து மெலிந்திருக்கலாம். அப்படியானால் தயங்காமல் மாற்று. 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கு.

கழற்றியதோடு வேலை முடியவில்லை. அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் தளத்தின் ஃபைபர்கிளாஸ் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரம் இருக்கும். துளைவழி இறங்கிய நீரால் அது உளுத்துவிடும். துளைக்குள் டிரில் விட்டுப் பார். முனையில் ஈரத்தூள் வந்தால், உளுத்ததை எடுத்து உலரவிட்ட பிறகே மேலே போ. துளையைப் பெரிதாக்கி எபாக்ஸி நிரப்பி, இறுகியதும் அதன் நடுவே புதுத்துளை போடு. போல்ட் மறுபடி இறுகாமலிருக்க டெஃப்-ஜெல் பசை தடவு, நீர் புகாதிருக்க டிராக்கின் அடியில் பியூட்டைல் டேப் ஒட்டு.

பாய்க்கயிறு இழுக்கும் வின்ச்சையும் பிரித்து, காய்ந்த கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவு. பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் சிறு நாக்குகளுக்கு மெல்லிய எண்ணெய் மட்டும் போடு. கிரீஸில் அவை ஒட்டிக்கொண்டால் கைப்பிடி திருப்பி அடித்துக் கையை உடைக்கும்.

நாளை இந்தப் படகு வேறொருவரிடம் போகலாம். நீ மாட்டிய போல்ட்டை அவர் சாதாரண ஸ்பானரால் கழற்ற முடியவேண்டும். அதுதான் நல்ல வேலைக்கு அடையாளம். அவசரப்படாதே, கண்ணா.

அன்புடன்,
மாமா