நூலகத்தில் விளையாட்டு: பயனை எப்படி ஆராய்வது?

நூலகத்தில் சதுரங்கப் பலகை எதற்கு? இக்கேள்விக்கு விருப்பத்தால் அல்ல, சான்றால் விடை சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்காட் நிக்கல்சன், 2007இல் அந்நாட்டில் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்த 400 பொது நூலகங்களை ஆய்வு செய்தார். அவற்றுள் 77 விழுக்காடு ஏதேனும் ஒருவகையில் விளையாட்டுக்கு இடமளித்தன. எத்தனை நூலகங்கள் விளையாட்டை ஏற்றுள்ளன என்பதை இவ்வெண் கூறுகிறது. விளையாடியவர் என்ன பெற்றார் என்பதைக் கூறவில்லை. அதை அறிய, முதலில் நோக்கத்தை வரையறுத்துப் பிறகு அளவிட வேண்டும்.

1. வராதவரை வரவழைத்தல்: புதிதாக வந்தவர்கள் விளையாட்டு இல்லாத நாளிலும் வருகிறார்களா?
2. வாசிப்பை வளர்த்தல்: நூல் வழங்கல் பதிவேட்டில் அவர்கள் பெயர் இடம்பெறுகிறதா?
3. கூடிப் பழகுதல்: வெவ்வேறு வகுப்பினர் சேர்ந்து விளையாடுகிறார்களா?

இதே கேள்விகளுடன் நம் பள்ளி நூலகப் பாடவேளையில் ஒரு செயலாராய்ச்சி செய்யலாம். ஒரு மாதம் விளையாட்டின்றியும் அடுத்த மாதம் விளையாட்டுடனும் பதிவு செய்யுங்கள். தேர்வு நடக்கும் மாதத்தையும் புதிய நூல்கள் வந்த மாதத்தையும் தவிர்க்கவும்; மாற்றத்துக்கு அவையே காரணமாகிவிடலாம். நூல் வழங்கல் கூடாவிட்டால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

வாசிக்கத் தடுமாறும் மாணவர் நூலகத்துக்குள் வர விளையாட்டு ஒரு வழியாகலாம். சான்று இல்லையேல், ‘வீண்பொழுது’ என்ற ஒரு சொல்லிலேயே பலகை பீரோவுக்குள் போய்விடும், அவ்வழியும் அடைபடும்.